துஷ்யந்தன் மேல் கோபம் வருகிறது. நான் சாகுந்தலத்தைத் தவறாகப் படிக்கிறேனா?

கேள்வி: பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழில் படித்தேன். மூன்றாம் அங்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்து உருகியிருக்கிறேன். இப்போது கல்லூரியில் அதே நாடகம் பாடமாக வந்திருக்கிறது. அதில் வரும் அரசன் துஷ்யந்தன் பேசும் ஒவ்வொரு வரிக்கும் எரிச்சல் வருகிறது. அன்று காதலாகத் தெரிந்தது இன்று ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. என் ரசனை போய்விட்டதா? இல்லை, இந்தக் காலத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய நூலைப் பார்க்கிறேனா?

பதில்:

உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தியவள் நான். அநேகமாக ஒவ்வொரு வருடமும், பாடம் முடிந்து எல்லோரும் வெளியே போனபின், ஒரு பெண் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று நீங்கள் கேட்டதைத்தான் கேட்பாள். பையன்களும் கேட்டதுண்டு. அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: இந்தக் கோபத்தை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. நாடகத்துக்குள்ளேயே காளிதாசர் அதற்கு இடம் வைத்திருக்கிறார். எங்கெங்கே என்று காட்டுகிறேன், புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. பதினைந்து வயதில் நீங்கள் உருகியதற்காக இப்போது வெட்கப்பட வேண்டாம். அந்தக் காதல் அவ்வளவு அழகாக எழுதப்பட்டிருக்கிறது. தோழிகளோடு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆசிரமத்துப் பெண் சகுந்தலை, மரவுரியை இறுக்கிக் கட்டிவிட்டாள் என்று பிரியம்வதை மேல் குறை சொல்வதும், "உன் இளமையைக் குறை சொல்லு, என்னை ஏன் சொல்கிறாய்" என்று அவள் திருப்பிக் கொடுப்பதும், கொடியிலிருந்து கிளம்பிய வண்டு முகத்தைச் சுற்றுவதும் எல்லாம் நேற்று நடந்த மாதிரி இருக்கும். இரண்டாம் அங்கத்தில் அரசன் நினைத்துப் பார்க்கிற ஒரு காட்சி: நாலடி நடந்தவள் காலில் தர்ப்பை குத்திவிட்டதாகச் சொல்லி நின்றாள், கிளையில் சிக்காத மரவுரியை விடுவிப்பது போலத் திரும்பினாள். ரவி வர்மா வரைந்தாரே, காலில் முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கும் பெண், அந்தப் படத்துக்கு மூலம் இதுதான். இதைப் படித்து ஒரு பதினைந்து வயது மனம் உருகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, இப்போது இரண்டாம் அங்கத்தின் கடைசிக்கு வாருங்கள். முதல் தடவை படிக்கிற யாரும் அந்த இடத்தில் நிற்பதில்லை, நானும் நின்றதில்லை. அரசன் தன் காதலை முழுக்கக் கொட்டிய ஒரே ஆள் விதூஷகன், அதாவது அரசனோடு சிரித்துப் பேசும் கோமாளித் தோழன், மாதவ்யன். தலைநகரிலிருந்து தாய் அழைத்து ஆள் வருகிறது. தான் போகாமல் மாதவ்யனை அனுப்புகிறான் துஷ்யந்தன். அனுப்பும்போது ஒரு யோசனை: இவன் ஓட்டைவாய், அந்தப்புரத்தில் போய் உளறிவிட்டால்? அதனால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: அந்த ஆசிரமத்துப் பெண்ணைப் பற்றி நான் சொன்னதெல்லாம் விளையாட்டுக்குச் சொன்னது, நிஜமென்று எடுத்துக்கொள்ளாதே.

இந்தப் பொய் நடக்கும்போது, அரசன் சகுந்தலையை மறக்கும்படி பின்னால் சபிக்கும் முனிவர் துர்வாசர் வரவே இல்லை. சாபமும் இல்லை. நல்ல நினைவோடு, தெளிந்த புத்தியோடு, சாட்சி சொல்லக்கூடிய ஒரே மனிதனின் வாயை அரசன் அடைத்துவிட்டான். இது தற்செயலாக விழுந்த வரி இல்லை என்பது ஆறாம் அங்கத்தில் தெரிகிறது. தான் சகுந்தலைக்குக் கொடுத்த மோதிரம் கிடைத்து, நினைவு திரும்பி, அழுதுகொண்டிருக்கிற அரசன், நீயாவது ஏன் ஞாபகப்படுத்தவில்லை என்று கேட்கிறான். நீங்கள்தானே விளையாட்டு என்றீர்கள், நானும் அப்படியே நம்பிவிட்டேன் என்கிறான் மாதவ்யன். நான்கு அங்கம் தாண்டி அந்தப் பொய்யை எடுத்துவந்து அவன் முன்னாலேயே வைக்கிறார் காளிதாசர். மறந்த பழி சாபத்துக்குப் போகலாம். மறைத்த பழியை யாரிடம் கொடுப்பது?

நீங்கள் உருகிய மூன்றாம் அங்கத்தையும் இதே மாதிரி மெதுவாகப் படியுங்கள். தாமரை இலையில் நகத்தால் கடிதம் எழுதுகிறாள் சகுந்தலை. அரசன் வெளிப்படுகிறான். அந்த நேரத்தில் அனசூயை ஒன்று சொல்கிறாள்: அரசர்களுக்கு மனைவிமார் பலர் என்று கேள்விப்படுகிறோம், எங்கள் தோழியை நினைத்து அவளுடைய உறவினர் துக்கப்படும்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதாவது நீங்கள் இன்று கேட்கும் கேள்வியை, மேடையிலேயே, அரசன் முகத்துக்கு நேரே, நம் காலத்துக்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருடம் முன்பே ஒரு பெண் கேட்டுவிட்டாள். அரசன் தரும் பதில் கவிதையாக இருக்கிறது: மனைவியர் பலர் இருந்தாலும் என் குலத்துக்கு ஆதாரம் இரண்டே, ஒன்று கடல் சூழ்ந்த பூமி, மற்றொன்று உங்கள் தோழி. தோழிகள் திருப்தியாகி, மான்குட்டி தாயைத் தேடுகிறது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து இல்லை. உபமானம் இருக்கிறது, உறுதி இல்லை.

காட்டில் பெற்றவர் இல்லாதபோது, சடங்கு இல்லாமல், இருவர் மனம் ஒத்து நடக்கும் காந்தர்வ மணம் அது. நமக்கு இது புதிதல்ல. நம்முடைய களவை, மணத்துக்கு முந்திய ரகசியக் காதலை, தொல்காப்பியமே கந்தர்வர் வழக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. அந்தக் களவில் என்ன ஆபத்து என்பதை ஐந்தே அடியில் சொன்ன பாட்டு குறுந்தொகையில் 25ஆவதாக இருக்கிறது, கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாரும் அங்கே இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த ஒரு கொக்கு உண்டு, அவ்வளவுதான். அந்தக் கொக்கும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, இவர்களைப் பார்க்கவில்லை. வகுப்பில் சாகுந்தலத்தின் ஐந்தாம் அங்கத்தைத் தொடங்கும் முன் நான் எப்போதும் இந்தப் பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். வேறு விளக்கமே தேவைப்படாது. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று தொல்காப்பியம் சொல்வதும் இதே கவலைதான். ஊரறிய நடக்கும் திருமணச் சடங்கு ஏன் வந்தது என்றால், ஆட்கள் பொய் சொல்லத் தொடங்கியதால் வந்தது. ஆக, "இன்றைய கண்ணாடி" என்று உங்களை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடி பழையதுதான்.

ஐந்தாம் அங்கத்தில், தன்னை மறந்துவிட்ட அரசனின் சபைக்குச் சகுந்தலையை அழைத்துவந்தவர்களே இதைச் சொல்கிறார்கள். இவளும் பெரியவர்களைக் கேட்கவில்லை, நீயும் சொந்தக்காரர்களைக் கேட்கவில்லை, உங்களுக்குள் நீங்களே முடித்துக்கொண்டதில் நாங்கள் யாருக்கு என்ன சொல்வது என்கிறாள் ஆசிரமத்துப் பெரியவள் கௌதமி. உடன் வந்த ஆசிரமச் சீடன் சார்ங்கரவன் இன்னும் கடுமையாக, ரகசியமான உறவை நன்றாகச் சோதித்த பிறகே செய்ய வேண்டும், மனம் தெரியாதவரிடம் வைத்த நேசம் இப்படித்தான் பகையாகும் என்கிறான். சோகம் என்னவென்றால் அவன் அதை அழுதுகொண்டு நிற்கிற அவளைப் பார்த்துச் சொல்கிறான். பிறகு அவளை அங்கேயே விட்டுவிட்டும் போகிறான்: நீ குற்றமற்றவளானால் கணவன் வீட்டில் அடிமையாக இருப்பதும் உனக்குத் தகும் என்று. எனக்கு அந்த அங்கத்தில் துஷ்யந்தன் மேல் வரும் கோபத்தைவிட சார்ங்கரவன் மேல் வருவது அதிகம். அரசனுக்காவது ஞாபகம் இல்லை. இவனுக்கு என்ன?

அந்தச் சபைக் காட்சியில் மொழிபெயர்ப்பில் காணாமல் போகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூலத்தில் அரசன் பேசுவது சமஸ்கிருதம். சகுந்தலையும் தோழிகளும் கௌதமியும் பேசுவது பிராகிருதம். பழைய நாடக மரபு அது. தமிழில் படிக்கும்போது எல்லோரும் ஒரே தமிழ் பேசுவதால் இந்த ஏற்றத்தாழ்வு காதில் விழாது. சபையில் ஆண்கள் எல்லோரும் உயர்ந்த மொழியில் வாதாடுகிறார்கள், நடுவில் ஒரு பெண் தன் வீட்டு மொழியில் தன்னை நிரூபிக்கப் பார்க்கிறாள். மோதிரத்தைத் தேடி விரலைத் தடவுகிறாள், இல்லை. அப்புறம் ஒரு மான்குட்டிக் கதையைச் சொல்கிறாள்: நீங்கள் தாமரை இலையில் தண்ணீர் நீட்டினீர்கள், குட்டி குடிக்கவில்லை, நான் நீட்டியதும் குடித்தது, இரண்டு பேரும் காட்டு ஜீவன்கள்தானே என்று சிரித்தீர்களே. அந்தக் கபிலர் பாட்டின் கொக்கு போலத்தான் இந்த மான்குட்டியும், இருக்கிற ஒரே சாட்சி, பேசாத சாட்சி. அரசன் என்ன சொல்கிறான்? பெண்களுக்குக் கற்றுத்தராமலே தந்திரம் வரும், குயில் தன் குஞ்சைப் பிற பறவைகளிடம் வளர்க்கவில்லையா என்கிறான். மேனகை பெற்றுப் போட்டுவிட்டுப் போன, வேறொருவர் வளர்த்த பெண்ணிடம், வயிற்றில் பிள்ளையோடு நிற்பவளிடம் இந்த உவமை. அவள் முதல் தடவையாக மரியாதையை விட்டுவிட்டு அவனை "அநார்ய" என்கிறாள். பண்பில்லாதவனே, எல்லோரையும் உன் மனத்தைக் கொண்டே அளக்கிறாய் என்று. புல் மூடிய பாழுங்கிணறு என்றும் சொல்கிறாள்.

சாபம் இருந்ததால் நினைவில்லை, சரி. நினைவில்லாத ஒருவன் "எனக்குத் தெரியாது அம்மா" என்று சொல்லலாம். குயில் உவமை சாபத்தில் வரவில்லை. அது அவனுடையது.

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் இந்தக் கதை வேறு மாதிரி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அங்கே சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. எனக்குப் பிறக்கும் மகனுக்கே பட்டம் என்று முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டுத்தான் சகுந்தலை சம்மதிக்கிறாள். மகனோடு சபைக்கு வந்து நிற்கும்போது அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, இருந்தும் உன்னை எனக்குத் தெரியாது என்கிறான். அவள் அழாமல் வாதாடுகிறாள். ஆயிரம் அசுவமேதத்தைவிடச் சத்தியம் கனமானது என்கிறாள். அசரீரி வந்து சொன்னபிறகு, எனக்கு முன்பே தெரியும், ஊர் சந்தேகப்படக் கூடாதென்றுதான் அப்படிச் செய்தேன் என்கிறான் அரசன். சாகுந்தலத்தில் இருக்கும் துஷ்யந்தன் இவனைவிட நல்லவன் என்பதில் சந்தேகமில்லை. சாபம் ஒரு குடை மாதிரி அவனுக்குப் பிடிக்கப்பட்டிருக்கிறது. சாகுந்தலத்தில் பெண் மென்மையாகிவிட்டாள், ஆணைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று இங்கே பலர் முடித்துக்கொள்வார்கள். நானும் முப்பது வயது வரை அப்படித்தான் நினைத்தேன், வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஹம்சபதிகையின் பாட்டு. ஐந்தாம் அங்கத்தின் தொடக்கம். சகுந்தலை இன்னும் வரவில்லை. உள்ளே யாரோ பாடுவது கேட்கிறது: புதுத் தேனுக்கு அலைகிற வண்டே, மாம்பூங்கொத்தை அப்படி முத்தமிட்டாயே, இப்போது தாமரையில் தங்கியதும் அதை எப்படி மறந்தாய்? பாடுகிறவள் அந்தப்புரத்துப் பெண். ஒரு காலத்தில் நேசித்தேன், இப்போது அரசி வசுமதியை வைத்து என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று அரசனே விளக்கம் சொல்லிவிட்டு, நயமாகப் பேசிச் சமாதானப்படுத்தி வா என்று மாதவ்யனை அனுப்புகிறான். அவள் மேடைக்கே வருவதில்லை. குரல் மட்டும்தான். ஒரு பாட்டு, அதோடு சரி. ஆனால் இவளை மறக்க எந்த முனிவரும் சாபம் கொடுக்கவில்லையே. சாபத்தால் ஒருத்தியை மறந்த கதையைச் சொல்ல வருகிற இடத்தில், வாசல்படியிலேயே, சாபம் இல்லாமல் மறக்கப்பட்ட ஒருத்தியைப் பாட வைத்திருக்கிறார் காளிதாசர். முதல் அங்கத்தில் சகுந்தலை முகத்தைச் சுற்றிய வண்டைப் பார்த்து அரசன் பொறாமைப்பட்டான். இங்கே அரசனே வண்டு. ஆறாம் அங்கத்தில் ஓவியத்தில் வரைந்த வண்டைப் பார்த்து, என் காதலியைத் தொட்டால் தாமரைக்குள் சிறை வைப்பேன் என்று மிரட்டுகிறான். மூன்று வண்டையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். குடையைப் பிடித்தவரே அதில் ஓட்டையும் போட்டிருப்பது தெரியும்.

நான்காம் அங்கத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நாடகத்திலேயே சிறந்த அங்கம் அதுதான் என்பது பழைய வழக்கு. என் மகள் வேலை கிடைத்துப் புனே போகும் வரை எனக்கு அது கொஞ்சம் நீளமாகத்தான் பட்டது. உங்களுக்குத் தண்ணீர் விடாமல் தான் முதலில் குடிக்காதவள் இன்று கணவன் வீடு போகிறாள், விடை கொடுங்கள் என்று வளர்ப்புத் தந்தை கண்வர் மரங்களிடம் கேட்கிறார் இல்லையா? மகள் போன இரண்டாம் நாள் போனில், "மாடிச் செடிக்கு ஊத்தினியாம்மா?" என்று கேட்டாள். நான் ஊற்றியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய், காய்ந்துபோன மல்லிகைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதுவரை காதலர் பக்கம் நின்று படித்த நாடகம் அன்று அப்பா பக்கம் திரும்பிக்கொண்டது. உங்களுக்கு இது இப்போது வேண்டாம். தானாக வரும்போது வரட்டும்.

அந்த அங்கத்தில் உங்கள் வயதுக்கு முக்கியமானவர்கள் தோழிகள். துர்வாசர் குரல் வாசலில் கேட்கிறது, அரசனையே நினைத்துக்கொண்டிருக்கும் சகுந்தலை காதில் அது விழவில்லை. பிரியம்வதை ஓடிப்போய்க் காலில் விழுந்து, அடையாளப் பொருளைக் கண்டால் சாபம் நீங்கும் என்று வாங்கிவருகிறாள். பிறகு இருவரும் அதைச் சகுந்தலையிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்கிறார்கள். அவள் மென்மையானவள், தாங்கமாட்டாள் என்று. மல்லிகைக்கு யாராவது வெந்நீர் ஊற்றுவார்களா என்கிறாள் பிரியம்வதை. அன்பினால் செய்ததுதான். ஆனால் சொல்லியிருந்தால் அந்த மோதிரத்தை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்! சசி தீர்த்தத்தில் கை நீட்டி வணங்கும்போது நழுவ விட்டிருப்பாளா? கடைசியாக விடைபெறும்போது, அரசன் அடையாளம் கண்டுகொள்ளத் தாமதித்தால் மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்கிறார்கள். அவளுக்கு உடம்பு நடுங்குகிறது. காரணம் கேட்டால், பாசம் இருந்தால் பயமும் வரும் என்று மழுப்பிவிடுகிறார்கள்.

அந்த மோதிரத்தைக் கொடுத்தபோது அரசன் சொன்னது ஆறாம் அங்கத்தில்தான் வெளியே வருகிறது. எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்டாளாம். இதில் என் பெயர் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஓர் எழுத்தாக எண்ணிக்கொண்டு வா, எழுத்து முடிவதற்குள் உன்னை அழைத்துப் போக ஆள் வந்துவிடும் என்றானாம். அந்தப் பெயரில் எத்தனை எழுத்து? ஒரு கை விரல் போதும். பதினைந்து வயதில் இந்த வரி எவ்வளவு இனிப்பு! இப்போது படிக்கும்போது, எழுத்தெல்லாம் தீர்ந்தபிறகு அவள் மறுபடி முதல் எழுத்திலிருந்து எண்ணியிருப்பாளே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1789இல் வில்லியம் ஜோன்ஸ் இதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதிலிருந்து ஃபோர்ஸ்டர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1791இல் வந்தது. அதைப் படித்த ஜெர்மன் கவிஞர் கேத்தே, இளவேனிலின் பூவும் ஆண்டின் கடைசியில் வரும் கனியும் ஒரே பெயரில் வேண்டுமென்றால் சகுந்தலை என்று சொல்வேன் என்ற கருத்தில் சில வரிகள் எழுதினார். அதை மேற்கோள் காட்டாத முன்னுரை இல்லை. தமிழில் மறைமலையடிகள் மொழிபெயர்ப்பு 1907இல் வந்தது. நீங்கள் படித்தது அதுவா என்று தெரியவில்லை. இல்லையென்றால் அதையும் ஒருமுறை பாருங்கள், நடை பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கேத்தே சொன்ன பூவும் கனியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கனியில் துவர்ப்பு நிறைய இருக்கிறது. ஏழாம் அங்கத்தை இனிப்பு என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள்.

முனிவர் மாரீசர் ஆசிரமத்தில் சிங்கக்குட்டியின் வாயைப் பிளந்து பல்லை எண்ணப் பார்க்கும் பையன், அவன் தன் மகன் என்று அரசனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிவது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சகுந்தலை வருகிறாள். அழுக்கேறிய உடை, ஒற்றைப் பின்னல். இவர் யாரம்மா என்று பையன் கேட்கிறான். உன் தந்தை என்று அவள் சொல்லவில்லை. "உன் விதியைக் கேள், குழந்தை" என்கிறாள். அரசன் காலில் விழுகிறான். எழுந்திருங்கள், என் பழைய வினை என்கிறாள், கண்ணீரைத் துடைக்க விடுகிறாள். அப்போது அவன் விரலில் மோதிரம் கண்ணில் படுகிறது. இது கிடைத்துத்தான் நினைவு வந்தது என்று சொல்லி, வசந்தத்தோடு சேர்ந்த அடையாளமாகக் கொடி பூவை ஏற்கட்டும் என்று அழகான ஓர் உவமையோடு மோதிரத்தை நீட்டுகிறான்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "இதை நான் நம்புவதில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறாள்.

சாபம் என்று ஒன்று இருந்தது என்பதே அவளுக்கு இன்னும் தெரியாத நேரம் அது. மாரீசர் பிறகுதான் சொல்கிறார். அதைக் கேட்டதும், நல்லவேளை, இவர் காரணமில்லாமல் என்னைத் தள்ளவில்லை என்று ஆறுதல் அடைகிறாள். ஆனால் மோதிரத்தை மறுத்தது அதற்கு முன்னால். அவனோடு போகிறாள், அன்பும் இருக்கிறது, அடையாளத்தை மட்டும் ஏற்கவில்லை. நீங்கள் அன்று உருகியதற்கும் இன்று கோபப்படுவதற்கும் நடுவில் எதை விடுவது என்று கேட்கிறீர்கள். எதையும் விட வேண்டாம் என்று நான் நினைப்பது இந்த இடத்தை வைத்துத்தான்.

வகுப்பில் இந்த ஒரு வரியை மட்டும் நான்கைந்து பேரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். ஒருத்தி கொஞ்சலாகப் படிப்பாள். ஒருத்தி களைத்துப்போன குரலில். ஒரு வருடம் ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, வெறும் தகவலைச் சொல்கிற மாதிரி சொன்னாள், வகுப்பே அமைதியாகிவிட்டது. நீங்களும் படித்துப் பாருங்கள். எந்தக் குரல் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.